வலையில் சிக்காததையும் கணக்கில் எடுக்கும் வேலை

1938 டிசம்பர் 22 அன்று தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் ஓர் இழுவைப் படகு கொண்டுவந்த மீன்களுக்கு நடுவே, ஒன்றரை மீட்டர் நீளத்தில் நீல நிற மீன் ஒன்று கிடந்தது. தடித்த செதில்கள், கால்களைப் போலச் சதைப்பிடிப்பான துடுப்புகள். உள்ளூர் அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமருக்கு அது என்ன மீன் என்று தெரியவில்லை. தனக்குத் தெரிந்த எந்த மீனும் அல்ல என்பது மட்டும் தெரிந்தது. படம் வரைந்து, குறிப்பெழுதி, மீனியல் அறிஞர் ஜே. எல். பி. ஸ்மித்துக்கு அனுப்பினார். அந்தக் கோட்டுப் படத்தைப் பார்த்தே, டைனோசர்களோடு அழிந்துபோனதாக உலகம் நம்பியிருந்த சீலகாந்த் அது என்று ஸ்மித் ஊகித்தார்.

அதற்குள் ஒன்று கைநழுவிப் போயிருந்தது. தென் அரைக்கோளத்தில் அது கோடைக்காலம். மீனின் எடையோ ஐம்பது கிலோவுக்கு மேல். கிடைத்த கொஞ்சம் ஃபார்மலினில் துணியையும் செய்தித்தாளையும் நனைத்துச் சுற்றிப் பார்த்தார் லாட்டிமர். தாங்கவில்லை. கடைசியில் மீனைப் பாடம் செய்பவரிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. தோல் தப்பியது, உள்ளுறுப்புகள் குப்பைக்குப் போயின. எலும்புக்கூட்டையும் செவுள்களையும் காப்பாற்றும்படி ஸ்மித்தின் தந்தி வந்தபோது காலம் கடந்துவிட்டது. அடுத்த சீலகாந்த் 1952இல்தான் கொமொரோ தீவுப் பகுதியில் அறிவியலாளர்கள் கைக்குக் கிடைத்தது. போதுமான ஃபார்மலின் இல்லாததற்குக் கொடுத்த விலை பதினான்கு ஆண்டுகள்.

கூர்ந்து பார்க்கும் கண், வரையும் கை, மீன் அழுகும் வேகத்தைப் பற்றிய நடைமுறை அறிவு, பதப்படுத்தும் வேதிப்பொருள் என்று கடல் உயிரியலாளருக்கு வேண்டிய திறன்கள் பெரும்பாலும் இந்த ஒரு சம்பவத்துக்குள் இருக்கின்றன. பாடத்திட்டங்கள் இவற்றைக் களத்திறன், ஆய்வகத்திறன் என்று இரண்டு தாள்களாகப் பிரித்து வைக்கின்றன. வேலையில் அப்படியொரு கோடு கிடையாது. களத்தில் கோட்டைவிட்டதை எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் ஆய்வகத்தில் மீட்க முடியாது. ஆய்வகத்தில் என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமல் கடலுக்குப் போனால், எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாத மாதிரிகள்தான் வந்து சேரும்.

காட்டில் வேலை செய்பவர் யானையை யானையாகவே பார்க்கிறார். கடலில் பெரும்பாலானவற்றை நேரில் பார்க்க வழியில்லை. வலை, புட்டி, கேமரா, ஒலியலை என்று ஏதாவது ஒன்றின் வழியாகவே அறிய வேண்டியிருக்கிறது. அவை ஒவ்வொன்றும் சிலவற்றைப் பிடிக்கும், சிலவற்றை விட்டுவிடும், சிலவற்றைச் சிதைத்தே கொண்டுவரும். எதைப் பிடித்தோம் என்று யாரும் சொல்லிவிடலாம். எதை விட்டோம் என்று சொல்லத் தெரிவதுதான் இந்தத் தொழிலின் முக்கால் பங்கு என்பது என் கருத்து.

கடலில் மிதந்து அலையும் சிற்றுயிர்களைப் பிடிக்கும் மிதவையுயிரி வலையை எடுத்துக்கொள்வோம். கூம்பு வடிவத்தில் நுண்ணிய துணி, வாயில் ஒரு வளையம், அடியில் ஒரு குப்பி. பார்ப்பதற்கு இவ்வளவுதான். தாவர மிதவையுயிரிகளுக்கு 20 மைக்ரான் கண்ணளவு, விலங்கு மிதவையுயிரிகளுக்கு 200 அல்லது 300 மைக்ரான் என்று தேர்ந்தெடுப்பது வழக்கம். கண் சிறிதாக இருந்தால் எல்லாமே கிடைத்துவிடுமே என்று புதிதாக வருபவர்கள் நினைப்பதுண்டு. ஆனால் நுண்கண் வலை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடைத்த வலையின் வாய்க்கு முன்னால் நீர் முட்டி விலகும்; அந்த விலகும் நீரோடு வேகமாக நீந்தக்கூடிய உயிரிகளும் தப்பிவிடும். கண் பெரிதானால் இளம் பருவத்து லார்வாக்கள் நழுவிப்போகும். எல்லாவற்றையும் பிடிக்கும் வலை என்று ஒன்று இல்லை.

பிடித்ததை எண்ணிக்கையாக மாற்ற, எவ்வளவு நீர் வலைக்குள் புகுந்தது என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் வாயில் சிறு சுழலியோடு ஓட்டமானி கட்டப்படுகிறது. அரை மீட்டர் விட்டமுள்ள வலையின் வாய்ப்பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர். நூறு மீட்டர் தூரம் இழுத்தால் ஏறத்தாழ 20 கன மீட்டர் நீர் வடிகட்டப்பட்டிருக்க வேண்டும். ஓட்டமானி அதைவிட மிகக் குறைவாகக் காட்டினால் வலை அடைத்திருக்கிறது என்று பொருள். அந்த இழுப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி இழுக்க வேண்டும், மழை பெய்தாலும் சரி, வயிற்றைப் புரட்டினாலும் சரி.

ஆழமும் ஏமாற்றும். நூறு மீட்டர் கம்பி விட்டதால் வலை நூறு மீட்டரில் இருக்கிறது என்று எழுதிவிட முடியாது. நீரோட்டமும் கப்பலின் நகர்வும் கம்பியைச் சாய்க்கும். செங்குத்திலிருந்து 45 பாகை சாய்ந்திருந்தால் வலை உண்மையில் இருப்பது சுமார் 71 மீட்டரில். கோணமானியைக் கம்பியருகே பிடித்து இதைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பல விலங்கு மிதவையுயிரிகள் பகலில் ஆழத்துக்கு இறங்கி, இரவில் மேலே வருகின்றன. அதனால் ஆழமும் நேரமும் பிழையாகப் பதிவானால், ஒரே கூட்டம் இரண்டு வெவ்வேறு கூட்டங்களாகத் தெரியும்.

சொறிமீன்களின் கதை இன்னும் மோசம். சீப்புச்சொறிகள் எனப்படும் டீனோஃபோர்களில் பல, வலையில் பட்ட மாத்திரத்தில் கிழிந்து கூழாகிவிடும்; தப்பிப் பிழைப்பவையும் ஃபார்மலினில் கரைந்து உருத்தெரியாமல் போகும். வலையை மட்டும் நம்பியிருந்த காலம் முழுவதும், நடுக்கடலில் இப்படிக் கூழ்போன்ற உடலுள்ள உயிரிகள் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவே கணக்கில் வந்தன. ஆழ்கடலுக்குக் கேமராக்களும் தொலைவிலிருந்து இயக்கும் ஊர்திகளும் இறங்கிய பிறகுதான் அவற்றின் பெருக்கம் கண்ணுக்குத் தெரிந்தது.

கரையோர வேலை இதைவிட எளிது, செலவும் குறைவு. ஓத அட்டவணையைப் படிக்கத் தெரிய வேண்டும்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிக அதிகமாக வற்றும், அப்போதுதான் பாறைக்கரையின் அடிமட்டப் பகுதி கொஞ்ச நேரம் வெளியே தெரியும். அரை மீட்டர்ச் சதுரச் சட்டத்தை வைத்து அதற்குள் இருப்பதை எண்ணுகிறோம். சட்டத்தை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். கண்ணுக்கு அழகாக, உயிரிகள் நிறைந்த இடத்தை நோக்கிக் கை தானாகவே போகும். அதனால் இடத்தைத் தற்போக்கு எண்களை வைத்து முன்கூட்டியே தீர்மானித்துவிட்டுப் போக வேண்டும். வெற்றுப்பாறையில் சட்டம் விழுந்தால் பூஜ்யம் என்று எழுதத்தான் வேண்டும். பூஜ்யமும் ஒரு தரவு.

நீருக்கடியில் போனால் கண்ணே பொய் சொல்லத் தொடங்குகிறது. நீரிலிருந்து முகமூடிக்குள் இருக்கும் காற்றுக்கு வரும்போது ஒளி விலகுவதால் பொருட்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு அருகிலும் தெரியும். முப்பது சென்டிமீட்டர் மீன் நாற்பதாகத் தெரிந்தால், நீளத்திலிருந்து எடையைக் கணக்கிடும்போது பிழை பன்மடங்காகும், ஏனெனில் எடை நீளத்தின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. நீளம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் எடை இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். இதனால்தான் மீன் கணக்கெடுப்புக்கு இறங்குபவர்களுக்கு, தெரிந்த நீளத்தில் வெட்டிய பிளாஸ்டிக் குழாய்களையோ மீன் உருவங்களையோ நீருக்கடியில் காட்டி மதிப்பிடப் பழக்குகிறார்கள். பயிற்சியில் கண் திருந்திவிடும் என்பதுதான் இதில் நல்ல செய்தி. நிறமும் நம்பத்தக்கதல்ல: சிவப்பு முதல் சில மீட்டர்களிலேயே மங்கிவிடுவதால், செந்நிற மீன் கறுப்பாகவோ சாம்பலாகவோ தெரியும். முப்பது மீட்டருக்கு அருகில் நைட்ரஜன் மயக்கம் மூளையை மந்தமாக்கும். படிவம் எவ்வளவு எளிதோ அவ்வளவு நல்லது. எழுதுவது பிளாஸ்டிக் பலகையில், சாதாரண பென்சிலால். இதற்கு மேலான கருவி இன்னும் வரவில்லை.

மூழ்குபவரைக் கண்டு சில மீன்கள் ஓடும், சில வேடிக்கை பார்க்க வரும், பாறையிடுக்கில் ஒளிந்தவை வரவே வராது. இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நீர் மாதிரிக்கு இன்று பெரும்பாலும் பயன்படுவது, உப்புத்தன்மை, வெப்பநிலை, ஆழம் மூன்றையும் தொடர்ந்து அளக்கும் சிடிடி கருவியும், அதைச் சுற்றி வட்டமாகப் பொருத்திய நிஸ்கின் புட்டிகளும். புட்டிகள் இரு முனையும் திறந்தபடி இறங்கும். வேண்டிய ஆழத்தில் கப்பலிலிருந்து கட்டளை கொடுத்தால் மூடிக்கொள்ளும். கருவி மேலே வந்ததும் கப்பல் தளத்தில் ஒரு வரிசை முறை உண்டு. கரைந்த வாயுக்களுக்கான நீரை முதலில் எடுக்க வேண்டும். உப்புத்தன்மைக்கு எடுப்பவர் காத்திருக்கலாம். காற்று பட்டதும் மாறக்கூடியது முதலில், மாறாதது கடைசியில்.

ஆக்ஸிஜனை அளக்கும் விங்க்லர் முறை 1888இல் வந்தது. மின்னணு உணரிகள் எவ்வளவோ வந்துவிட்ட பிறகும், அந்த உணரிகள் சரியாகத்தான் காட்டுகின்றனவா என்று பார்க்க இன்றும் இதையே நாடுகிறார்கள். செய்முறையைச் சற்று அருகில் பார்க்கலாம். ரப்பர் குழாயின் முனையைக் கண்ணாடிப் புட்டியின் அடிவரை விட்டு, நீரை மெதுவாக நிரப்பி, புட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நீர் வழிந்தோட விட வேண்டும். குழாயில் ஒட்டியிருக்கும் குமிழிகளை விரலால் தட்டி விரட்ட வேண்டும். பிறகு மாங்கனீஸ் கரைசலும் காரம் கலந்த அயோடைடு கரைசலும், நீர்மட்டத்துக்குக் கீழே பிப்பெட் முனையை வைத்து. மூடியைச் சாய்த்துச் செருகினால் குமிழி உள்ளே தங்காது. குலுக்கியதும் பழுப்பு நிற வீழ்படிவு புகைபோலப் பரவி மெல்லப் படியும். நீரில் இருந்த ஆக்ஸிஜன் இப்போது அதற்குள் சிறைப்பட்டுவிட்டது. வீழ்படிவு வெண்மையாகவே இருந்தால் அந்த நீரில் ஆக்ஸிஜன் அநேகமாக இல்லை என்று பொருள். அமிலம் சேர்த்ததும் பழுப்பு கரைந்து அயோடினின் மஞ்சள் வரும். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் வெளிறியதும் ஸ்டார்ச் சேர்த்தால் கருநீலம். அந்த நீலம் மறையும் சொட்டில் நிறுத்த வேண்டும். அதுவரை செலவான தயோசல்பேட்டிலிருந்துதான் ஆக்ஸிஜனின் அளவு தெரியும். அந்தக் கடைசிச் சொட்டை உணரும் கண்ணும், பியூரெட் திறவையின் மேல் இருக்கும் விரலும் புத்தகத்தால் பழகுவதில்லை. இத்தனை துல்லியமும், முதலில் ஒரு குமிழி உள்ளே போயிருந்தால் வீண்.

பதப்படுத்தலில் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு மருந்து கிடையாது. ஃபார்மலின் உடல் வடிவத்தை நன்றாகக் காக்கும், ஆனால் மரபணுவைச் சிதைக்கும். நாளாக ஆக அமிலத்தன்மை ஏறிச் சுண்ணாம்பு ஓடுகளையும் கரைக்கும். போராக்ஸ் சேர்த்து அதைத் தடுக்கிறோம். 95 சதவீத எத்தனால் மரபணுவைக் காக்கும், ஆனால் உடலைச் சுருக்கி நிறத்தை வெளிறச் செய்யும். மாதிரியோடு வந்த நீர் அதை நீர்த்துப்போகச் செய்வதால் ஒரு நாள் கழித்து எத்தனாலை மாற்ற வேண்டும். நுண்பாசிகளுக்கு லூகால் அயோடின் நல்லது; அதே அமில லூகால், காக்கொலித்தோஃபோர்கள் என்ற நுண்பாசிகளின் சுண்ணத் தகடுகளைத் தின்றுவிடும். கடற்சாமந்தியை நேரடியாக ஃபார்மலினில் போட்டால் உணர்கொம்புகளை உள்ளிழுத்துக்கொண்டு உருண்டையாகிவிடும், அப்புறம் அதை எந்த வல்லுநராலும் அடையாளம் காண முடியாது. முதலில் மெக்னீசியம் குளோரைடு கரைசலில் மயங்கவிட்டு, விரிந்த நிலையில் பதப்படுத்த வேண்டும். ஆக, எதை அறியப்போகிறோம் என்பது கப்பல் கிளம்பும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்; எத்தனை புட்டி, எந்த மருந்து என்பதெல்லாம் அதன் பிறகுதான்.

பெயர்ச்சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எத்தனாலில் பேனா மை கரைந்துவிடும். ஈரம் தாங்கும் தாளில் பென்சிலால் எழுதி ஜாடிக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. மூடியில் மட்டும் எழுதுபவர்களை நம்பாதீர்கள். மூடிகள் இடம் மாறும்.

நுண்ணோக்கிக்கு வருவோம், ஏனென்றால் கவர்ச்சியே இல்லாத இந்த வேலையிலிருந்துதான் பெரிய முடிவுகள் வந்திருக்கின்றன. வட அட்லாண்டிக்கில் இறாலுக்குத் தூரத்து உறவான, துடுப்புக்காலி எனப்படும் விலங்கு மிதவையுயிரிகளில், காலனஸ் என்ற பேரினத்தில் இரண்டு இனங்கள் அக்கம்பக்கமாக வாழ்கின்றன. ஃபின்மார்க்கிகஸ் குளிர்நீருக்குரியது, ஹெல்கோலாண்டிகஸ் அதைவிட வெதுவெதுப்பான நீருக்கு உரியது. இரண்டும் சுமார் மூன்று மில்லிமீட்டர். வெறுங்கண்ணுக்கு ஒரே அரிசிக்குருணை. பிரித்தறிய, ஐந்தாவது இணை நீந்துகாலைப் பார்க்க வேண்டும். துடுப்புக்காலியைக் கிளிசரின் துளியில் மல்லாக்கக் கிடத்தி, இடக்கை ஊசியால் உடலை அழுத்திப் பிடித்து, வலக்கை ஊசியால் கடைசிக் கால் இணையை மட்டும் பிரித்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பெரிதாக்கினால், காலின் அடிக்கண்டத்து உள்விளிம்பில் சிறு பற்களின் வரிசை தெரியும். அந்த வரிசை ஏறத்தாழ நேராக இருந்தால் முதல் இனம். உள்வாங்கி வளைந்திருந்தால் இரண்டாவது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை. தும்மினால் கால் காணாமல் போகும்.

இந்த வளைவைப் பல்லாண்டு பார்த்து எண்ணியதால்தான், வடகடலில் குளிர்நீர் இனம் குறைந்து மற்றது பெருகியதும், காட் மீனின் குஞ்சுகள் அதனால் பாதிக்கப்பட்டதும் தெரியவந்தது. ஃபின்மார்க்கிகஸ் வசந்தத்தில், காட் குஞ்சுகள் இரை தேடும் பருவத்தில் மிகும். ஹெல்கோலாண்டிகஸ் மிகுவது கோடையின் பிற்பகுதியில். இரண்டையும் ‘காலனஸ்’ என்று ஒரே நிரலில் எண்ணியிருந்தால், ஓரினம் குறைந்ததும் அதன் இடத்துக்கு வேறொன்று வந்ததும் தெரிந்திருக்காது. கடல் வெப்பமடைவது உணவுச்சங்கிலியை எப்படிக் குலைக்கிறது என்பதற்கான வலுவான சான்றுகளில் ஒன்று, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு விளிம்பில் இருக்கிறது.

எண்ணுவதற்கும் கணக்கு உண்டு. குப்பி முழுவதையும் எண்ண நேரமிருக்காது. பிரிப்பானால் பாதி, அதில் பாதி என்று பகுத்து ஒரு பங்கை எண்ணுவோம். உயிரிகள் சீராகக் கலந்திருந்தால், நூறு எண்ணினால் பிழை வரம்பு கூடக்குறைய 20 சதவீதம். அதைப் பத்தாகக் குறைக்க நானூறு எண்ண வேண்டும். உழைப்பு நான்கு மடங்கானால் துல்லியம் இரண்டு மடங்குதான். எங்கே நிறுத்துவது என்பது கேள்வியைப் பொறுத்தது, பொறுமையைப் பொறுத்தது அல்ல.

மீனின் வயதைச் சொல்லும் காதுக்கல்லிலும் இதே எச்சரிக்கை தேவை. மர வளையம்போல ஆண்டு வளையங்கள் அதில் உண்டு. ஆரஞ்சு ரஃபி என்ற ஆழ்கடல் மீனுக்குத் தொடக்கத்தில் அதிகபட்சம் சில பத்தாண்டுகள்தான் ஆயுள் என்று எண்ணினார்கள். காதுக்கல்லை மெல்லிய சீவலாக அறுத்துப் பார்த்தபோதும், அதிலுள்ள ஈயம்-210, ரேடியம்-226 விகிதத்தை அளந்தபோதும் நூறாண்டைத் தாண்டும் என்று தெரிந்தது. அதற்குள் வேகமாக வளரும் மீனைப் பிடிப்பதுபோல அதைப் பிடித்துத் தள்ளியாயிற்று. பல இடங்களில் அதன் கூட்டம் சரிந்தது. வளையத்தை எண்ணுவது மட்டும் திறன் அல்ல. ஒரு வளையம் உண்மையிலேயே ஓராண்டுதானா என்று வேறொரு வழியில் சரிபார்ப்பதும் சேர்ந்ததே.

கருவி காட்டும் இரைச்சலைப் படிக்கத் தெரிவதும் அப்படித்தான். 1980களில் ஓட்ட செல்மானியைக் கப்பலில் ஏற்றி, கடல்நீரிலுள்ள நுண்செல்களை லேசர் ஒளியில் ஒவ்வொன்றாகக் கடக்கவிட்டார்கள். திரையின் ஓரத்தில், கருவியின் மின் இரைச்சல் என்று ஒதுக்கிவிடக்கூடிய மங்கலான புள்ளிக்கூட்டம். சாலி சிஷோம், ராபர்ட் ஓல்சன் குழு அதை ஒதுக்கவில்லை. 1988இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்புதான் பின்னர் புரோக்ளோரோகாக்கஸ் என்று பெயர் பெற்றது. சுமார் 0.6 மைக்ரான் அளவுள்ள அது, உலகிலேயே எண்ணிக்கையில் மிகுந்த ஒளிச்சேர்க்கை உயிரி. 20 மைக்ரான் வலை வழியாக அது காலங்காலமாக நழுவிப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது எல்லோரும் பேசுவது சூழல் மரபணு. ஒரு லிட்டர் நீரை வடிகட்டி, வடிதாளில் தங்கிய செதில், சளி, கழிவுத் துணுக்குகளிலிருந்து மரபணுவைப் பிரித்து, பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையால் பெருக்கி, எந்தெந்த மீன்கள் அங்கே இருந்தன என்று பட்டியலிடலாம். அருமையான முறை, ஆனால் இதன் பலமே இதன் பலவீனம். சில மூலக்கூறுகளைக் கூடப் பெருக்கிக் காட்டும் கருவி, கையுறையில் ஒட்டியிருந்த நேற்றைய மாதிரியையும் பெருக்கிக் காட்டும். அதனால் ஒவ்வோர் இடத்திலும் தூய நீரையும் அதே வடிகட்டியில் ஊற்றி வெற்று மாதிரி எடுக்க வேண்டும். கருவிகளை பிளீச்சில் கழுவ வேண்டும். பிரித்தெடுக்கும் அறையும் பெருக்கும் அறையும் தனித்தனியாக இருக்க வேண்டும். வெற்று மாதிரியில் மீன் வந்துவிட்டால் அன்றைய முடிவுகளைச் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். மீன் குஞ்சா பெரியதா, உயிரோடு இருக்கிறதா, நீரோட்டம் எங்கிருந்தோ அடித்துவந்த துணுக்கா என்பதை மரபணு சொல்லாது. ஒப்பிடும் தரவுத்தளத்தில் ஓர் இனத்தின் வரிசை இல்லையென்றால் அந்த இனம் பட்டியலில் வரவே வராது. அந்த வரிசையைச் சேர்க்க, மீனைக் கையில் வைத்துப் பெயர் சொல்லத் தெரிந்த ஒருவர் வேண்டும். வகைப்பாட்டியல் பழைய காலத்துப் படிப்பு என்று கைவிடுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

புள்ளியியலைக் கடைசியில் கற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது பெரிய தவறு. கழிவுநீர் கலக்கும் ஒரு முகத்துவாரத்தில் பத்து மாதிரியும், தூய்மையான ஒரு முகத்துவாரத்தில் பத்து மாதிரியும் எடுத்தால் இருபது மாதிரிகள் கிடைக்கும். ஆனால் ஒப்பிடப்படுபவை இரண்டே முகத்துவாரங்கள். வித்தியாசம் கழிவுநீராலா, அந்த இரண்டு இடங்களும் இயல்பிலேயே வேறானவையா என்று அந்த இருபதும் சொல்லாது. 1984இல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் இதைப் போலி மறுபதிவு என்று சுட்டிக்காட்டினார். இன்றும் ஆய்வேடுகளில் இது மறையவில்லை. படகு ஏறுவதற்கு முன்பு சரிசெய்ய வேண்டிய பிழை இது, கணினி முன்னால் உட்கார்ந்த பிறகு அல்ல.

எடுத்த மாதிரியை எண்ணி முடித்ததும் கொட்டிவிடாமல் வைத்திருப்பதும் இந்தத் தொழிலின் ஒழுங்கு. அலிஸ்டர் ஹார்டி வடிவமைத்த தொடர் மிதவையுயிரிப் பதிவி 1931 முதல் வணிகக் கப்பல்களின் பின்னால் இழுக்கப்பட்டுவருகிறது. உள்ளே மெல்ல நகரும் பட்டுத்துணியில் உயிரிகள் படிந்து, ஃபார்மலினில் சுருண்டு சேர்கின்றன. வலையின் கண்ணளவு 270 மைக்ரான். இதைவிட மேம்பட்ட வலைகள் வந்தும் மாற்றவில்லை, மாற்றினால் பழைய ஆண்டுகளோடு ஒப்பிட முடியாமல் போய்விடும். 2004இல் ரிச்சர்ட் தாம்சன் குழு, சேமித்து வைக்கப்பட்டிருந்த இந்தப் பட்டுத்துணிகளில் உயிரிகளை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடியது. 1960களின் துணியிலேயே பிளாஸ்டிக் நுண்துகள்கள் இருந்தன. 1980, 90களின் துணிகளில் அவை கணிசமாகக் கூடியிருந்தன. ஒவ்வொரு துணித்துண்டும் எந்த ஆண்டு, எந்தக் கடல்பகுதி என்பது தெளிவாகப் பதிவாகியிருந்ததால் இந்த ஒப்பீடு முடிந்தது.